பழைய புகைப்பான்

இருபத்திரண்டு வருடமாகக் கையுறை போடாமல் தேனீப்பெட்டி திறந்தவர் என்பதால் அவருக்கு வெறுங்கையார் என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. தேனீ வளர்ப்பவர்கள் எங்கே கூடினாலும், புதிதாக வந்தவரிடம் யாராவது இவரைக் காட்டி, "இவரைக் கொட்டினா தேனீக்குத்தான் வீங்கும்" என்பார்கள். நூறு தடவை கேட்ட அந்தப் பேச்சை இவர் அப்போதுதான் கேட்பவர்போலத் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார். மனிதருக்கு அதில் அவ்வளவு ருசி.

அப்படிப்பட்டவர் இந்த வசந்தத்தில் ஒற்றைத் தேனீ ஜன்னல் கண்ணாடியில் முட்டினால்கூட வெலவெலத்துப் போனார்.

காரணம், போன வருடம் இலை உதிரும் பருவத்தில் நடந்தது. கடைசித் தேன் எடுப்பின்போது கழுத்தில் ஒன்று கொட்டியது. வழக்கம்போல் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது. அப்புறம் காது கொதித்தது, நாக்கு தடித்தது, நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போலிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய் விழுந்தவர் கண் விழித்தபோது வாயெல்லாம் மண். எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் பார்க்கவில்லை. பிழைத்துக்கொண்டதைவிட, யாரும் பார்க்காததுதான் அவருக்குப் பெரிய நிம்மதியாகப் பட்டது. அவர் புத்தி அப்படி.

மறுநாள் சர்க்கரை மூட்டை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து ஊர் மருத்துவரைப் பார்த்தார்.

"ஆயிரம் தடவை கொட்டியிருக்கும் டாக்டர். ஒன்னும் ஆனதில்லையே?"

"ஆகாதவங்களுக்கும் ஒரு நாள் ஆகும். அடுத்த தடவை இதைவிட மோசமா இருக்கும். விழுந்தா எந்திரிப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது. இந்த வேலைய விட்டுடுங்க. விட முடியாதுன்னா, இந்த ஊசி எப்பவும் உங்க உடம்போட இருக்கணும். கொட்டின உடனே தொடையில குத்திக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

பேனா அளவில் இரண்டு ஊசிகள் கொண்ட பெட்டி ஒன்றை மருத்துவர் எழுதிக்கொடுத்தார். ஒன்று போதாவிட்டால் இன்னொன்று.

வீட்டுக்கு வந்தவர் மூச்சு விடவில்லை. சொன்னால் மனைவி மறுநாளே பெட்டிகளை விற்க ஆள் தேடுவாள். மகரந்தச் சேர்க்கைக்காக வருடாவருடம் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கும் ஆப்பிள் தோட்டக்காரர் காதுக்குப் போனால், பூக்கும் காலத்தில் நடுவே படுத்துவிடுகிற ஆள் நமக்கெதற்கு என்று வேறு தேனீக்காரரைப் பிடிப்பார். இதெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மைக் காரணம் வேறு. நாலு வருடத்துக்கு முன்னால் இதே ஒவ்வாமை வந்து தொழிலை விட்ட ஒருவனைப் பற்றி, கூட்டத்தில் எல்லோரும் கேட்க, "தேனீ கொட்டிச் சாகிறவன் எல்லாம் எதுக்குப் பெட்டி வாங்குறான், கோழி வளர்க்க வேண்டியதுதானே?" என்று சொன்னவர் இவர்தான். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு இப்போது அவர் காதைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஊசியை எங்கே வைப்பது? சட்டைப்பையில் வைக்க வழியில்லை. ஒருமுறை ராணித் தேனீயை வைத்த சின்னக் கூண்டு பையோடு துவைக்கும் இயந்திரத்துக்குள் போய், ராணி செத்துச் சுண்ணாம்பாக வெளியே வந்தது. அன்றிலிருந்து மனைவி ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்து உதறாமல் துணியைப் போடமாட்டாள். கருவிப்பெட்டியை மைத்துனன் குடைவான். கடைசியில் அவர் கண்டுபிடித்த இடம், தேனீக்களை அடக்கப் புகை விடும் பழைய புகைப்பான். துருத்தி கிழிந்து மூன்று வருடமாக வண்டியின் பின்பக்கக் கொக்கியில் தொங்குகிற தகரக் குவளை. அதன் அடியில் ஒரு ஊசியை வைத்து, மேலே கிழிந்த சணல் சாக்கைத் திணித்து மூடினார். வேலை செய்யும் இடத்திலிருந்து பத்தடி தூரம், யார் கையும் படாத மூலை. தன் சாமர்த்தியத்தை அவரே மெச்சிக்கொண்டார். இன்னொரு ஊசியை, பெட்டியும் அதிலிருந்த செய்முறைக் காகிதமுமாக, வீட்டு அலமாரி உச்சியில், மெழுகுத் தகடுகளுக்குப் பின்னால் ஒளித்தார்.

குளிர்காலம் முழுக்கப் பெட்டிகள் மூடிக் கிடந்ததால் பயமும் மூடிக் கிடந்தது. பனி உருகி, முதல் மஞ்சள் பூக்கள் தலை காட்டியதும் தோட்டக்காரரிடமிருந்து தொலைபேசி வந்தது. மரங்கள் இந்த வருடம் சீக்கிரம் பூக்கப் போகின்றன, நாலு நாளில் லாரி அனுப்புகிறேன் என்றார். பெட்டிக்கு எட்டுத் தேனடைச் சட்டம் நிறையத் தேனீ இருக்க வேண்டும் என்பது பேச்சு. எண்பத்து நாலு பெட்டிகளையும் திறக்க வேண்டும். ராணி இருக்கிறதா பார்த்து, அடிப்பலகையைச் சுரண்டி, சர்க்கரைப் பாகு ஊற்றி, கூட்டம் பெருத்த பெட்டியிலிருந்து தேனீக் குஞ்சுப் புழு நிறைந்த சட்டத்தை எடுத்து நலிந்த பெட்டிக்குக் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பெட்டிக்கு இருபதாயிரம் தேனீ என்று வைத்துக்கொண்டாலும் எவ்வளவு கொடுக்கு என்று அவர் மனம் தானாகக் கணக்குப் போட்டது.

மூடிக் கிடந்த மரமில்லுக்குப் பின்னால், வெயில் படும் சரிவில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. வண்டியை நிறுத்தியதும் அவர் உடுப்பை மாட்டினார், வலைத்தொப்பியைக் கட்டினார், பிறகு யாரும் பார்க்காதபோது போட்டுவிடலாம் என்று கையுறையை எடுத்தார். மைத்துனன் பார்த்துவிட்டான். மனைவியின் தம்பியான அவன் வாய் ஓயாதவன், கை அதைவிட ஓயாதவன். உடைந்த எதைப் பார்த்தாலும் பழுதுபார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

"அக்கா, இங்க பாரு! மாமா கையுறை போடுறாரு! வெறுங்கையாரே கையுறை போட்டா நாங்க என்னத்தப் போடுறது, மெத்தையையா சுத்திக்கிறது?"

"குளிர்ல கை வெடிச்சுப் போச்சுடா. மெழுகு பட்டா எரியுது," என்றார் அவர்.

மனைவி சிரிக்கவில்லை. தன் கைகளில் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வேலையப் பாருடா" என்று மட்டும் தம்பியிடம் சொன்னாள். உடுப்பை உதறியபோது நாலைந்து தும்மல் தும்மினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குத் தும்மல்தான். முழங்கை வரை அரிப்பு வேறு. சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்று முறை மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

முதல் எட்டுப் பெட்டிகள் எப்படி முடிந்தன என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மூடியை நெம்பும்போது கேட்கும் 'டக்' சத்தத்துக்கே முதுகில் வேர்த்தது. வலையில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தால் அது உள்ளேயா வெளியேயா என்று தெரியும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். எதிரே மனைவி புழுச் சட்டத்தைத் தூக்கி, ராணி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இருபுறமும் பார்த்து, ஒரே உதறலில் தேனீக்களைத் தட்டிவிட்டு அடுத்த பெட்டியில் இறக்கினாள். அவள் கையிலிருந்து ஒரு சட்டம் தவறி விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. இடையிடையே அவள் அவரையே பார்ப்பது போலிருந்தது. நிமிர்ந்தால் வேறெங்கோ பார்த்தாள்.

ஒன்பதாவது பெட்டி கூட்டம் பெருத்தது. மூடியைத் திறந்ததுமே கொதிக்கும் பாத்திரம்போல் இரைந்தது.

"புகை போடுடா," என்றார்.

மைத்துனன் பின்னாலிருந்து வந்து புகையை விட்டான். வழக்கமான சாக்குப் புகையின் வாசனைதான் வந்தது. இரண்டாவது அமுக்கில் அது மாறியது. மூக்கைக் குத்துகிற, நாக்கில் ஒட்டுகிற பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பெட்டியின் இரைச்சல் ஒரு கட்டை ஏறியது.

"என்னடா இது நாத்தம்?"

"டியூப் ஒட்டு சூடாகுதுன்னு நெனைக்கிறேன் மாமா. புதுப் புகைப்பான் அடைச்சுக்கிச்சு. நேத்து சும்மாதானே இருந்தேன், உங்க பழசுக்குச் சைக்கிள் டியூப் வெட்டித் துருத்தி ஒட்டிட்டேன். உள்ள சாக்கு கூட ரெடியா இருந்துச்சு, பத்த வச்சுட்டேன். எப்படி ஊதுது பாருங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தத் தகரக் குவளை அவன் கையில் பெருமையாகப் புகைந்துகொண்டிருந்தது. உள்ளே 'டப்' என்று சின்னதாக ஏதோ வெடித்தது.

அப்போது அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். மனிதர் அதைச் செய்யவில்லை. இன்னும் காப்பாற்றிவிடலாம், இன்னும் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று பாய்ந்து புகைப்பானைப் பிடுங்கினார். கையுறை போட்ட விரலுக்கு மூடியின் கொக்கி அகப்படவில்லை. வலது கையுறையைப் பல்லால் இழுக்கப் போனார், வலை தடுத்தது, தொடைகளுக்கு நடுவே இடுக்கி உருவிப் போட்டார். வெறும் கையோடு சுடுகிற மூடியைத் திறந்தார். கருகிய சாக்குக்கு அடியில் உருகி வளைந்த ஒரு குழாய் தெரிந்தது.

ஒன்பதாவது பெட்டித் தேனீக்கள் அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டில் ஒன்று, சுண்டுவிரல் ஓரத்தில் ஒன்று.

வலி ஒன்றும் பெரிதில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஆனால் அந்தச் சின்ன வலி அவருக்குள் தெளிவாகப் பேசியது. இனி ஐந்து நிமிடம் என்றது.

"தண்ணி குடிச்சுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். சாகப் போகிற நேரத்திலும் பொய்தான் முதலில் வந்தது. ஓடவில்லை, ஓடினால் தெரிந்துவிடும். பத்தடி தூரம் பாதை நீண்டுகொண்டே போனது. உள்ளங்கை அரித்தது. காது கொதித்தது. வண்டிக் கதவைப் பிடித்தபோது கைப்பிடி இரண்டாகத் தெரிந்தது. யாருமில்லாத கொட்டகைக்குப் பின்னால் கிடந்த அந்த மண் ருசி வாயில் வந்தது. ஐயோ, இந்த முறையும் யாரும் பார்க்கவில்லையே என்று நினைத்தார். போன முறை நிம்மதியாக இருந்த அதே விஷயம் இப்போது குலை நடுங்க வைத்தது.

பின்னால் எதுவோ உடைகிற சத்தம் கேட்டது. மனைவி கையிலிருந்த புழுச் சட்டம் கல்லில் விழுந்து கிடந்தது. அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"படுங்க! கீழ படுங்க! பையில இருக்கறத எடுங்க, சீக்கிரம்!"

"எ... எது?"

"ஊசிங்க! உங்ககிட்ட இருக்கிற ஊசி!"

அவர் அவளைப் பார்த்தார். நாக்கு மரக்கட்டையாகியிருந்தது. கையைத் தூக்கி, சரிவில் இன்னும் புகைந்துகொண்டிருந்த தகரக் குவளையைக் காட்டினார்.

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவள் முகம் வெளுத்த வெளுப்பு அவர் ஆயுசுக்கும் மறக்காது. உடுப்பின் முன்பக்கத்தைக் கிழிக்காத குறையாகத் திறந்து, உள்ளே இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்தாள். அலமாரி உச்சியில் மெழுகுத் தகடுகளுக்குப் பின்னால் இருந்த இரண்டாவது ஊசி. நீல மூடியைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, துணியோடு சேர்த்து அவர் தொடையில் குத்தினாள். உதடு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று.

மைத்துனன் வண்டியை எடுத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் வாய் மூடியிருந்தது. பின்பக்கம் பாகு வாளிகளுக்கு நடுவே அவர் படுத்திருந்தார். கால்கள் ஒரு காலிப் பெட்டியின் மேல், தலை அவள் மடியில்.

"மூணு வாரமாச்சு," என்றாள் அவள். அழுகையும் கோபமும் கலந்து குரல் உடைந்தது. "மெழுகுத் தகடு எடுக்கப் போனப்ப கெடைச்சுது. அந்தக் காகிதத்துல இருக்கறத மனப்பாடமே பண்ணிட்டேன். இன்னைக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு பார்த்துட்டே இருந்தேன். பெட்டியில ரெண்டுன்னு போட்டிருந்துச்சு. ஒன்னுதான் இருந்துச்சு. இன்னொன்னு உங்ககிட்ட இருக்குன்னு நம்பித்தானே உங்கள விட்டேன்! இல்லைன்னா கையக் கால உடைச்சாவது வீட்ல உக்கார வச்சிருப்பேனே!"

அவர் பதில் சொல்ல முயன்றார். மூச்சு கொஞ்சம் இறங்கியிருந்தது. நெஞ்சுக் கயிறு தளர்ந்திருந்தது. இதயம் மட்டும் விலா எலும்பை இடித்தது.

"பெட்டி... திறந்து கெடக்கு," என்றார்.

"பெட்டி எரிஞ்சு போகட்டும்."

ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். பாதி வழியில், ரயில் கேட்டுக்கு முன்னால் வண்டிகள் நின்றன. கேட் மூடியிருந்தது. அங்கேதான் அவர் மூச்சில் மறுபடியும் விசில் சத்தம் கிளம்பியது. மெல்லியதாகத்தான் இருந்தது. அவள் குனிந்து கேட்டாள். ஒன்று போதாவிட்டால் இன்னொன்று என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது இருவருக்கும் தெரியும். சரக்கு ரயில் ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்தது. அவள் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பாருங்க, கண்ண மூடாதீங்க, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நேரம் அவளை உற்றுப் பார்த்ததில்லை என்று தோன்றியது. கண்ணோரம் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. அழுததால் என்று நினைத்துக்கொண்டார்.

பிழைத்துக்கொண்டார். கேட் திறந்தது, வண்டி பறந்தது, ஆஸ்பத்திரி வாசலில் கட்டிலோடு காத்திருந்தார்கள். கையில் ஊசி ஏறியது, முகத்தில் காற்று முகமூடி மாட்டினார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவர் சுயநினைவோடு கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது பெட்டியை மூட மைத்துனன் போயிருந்தான். போகும்போது கட்டில் காலைத் தொட்டு, "மாமா, இனிமே எதையும் ரிப்பேர் பண்ண மாட்டேன் மாமா" என்று அழுதுவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரி மருத்துவர் வந்தார். சின்ன வயசுப் பெண், பேச்சில் மட்டும் தலைமையாசிரியை. ஐந்து நிமிடம் அவரை வறுத்தெடுத்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இவரோட உடுப்பெல்லாம் யாரு துவைக்கிறது?"

"நான்தான். ஏன் டாக்டர்?"

"கொட்டின விஷம் துணியில காஞ்சு ஒட்டியிருக்கும். உதறும்போது தூசியாப் பறந்து மூக்குல போகும், தோல்ல படும். கொட்டு வாங்குறவரைவிடத் துவைக்கிறவங்களுக்கு ஒவ்வாமை வந்த வீடுங்க உண்டு. அப்படி வந்துட்டா உங்களுக்கும் ஒரு கொட்டு போதும், இதே மாதிரி ஆகிடும். உங்களுக்குத் தும்மல், அரிப்பு, கையில தடிப்பு, கண் வீக்கம் எதாவது உண்டா?"

"எனக்கா? ஒன்னும் இல்ல டாக்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். குளிரில் கை வெடித்துவிட்டது என்று சொன்ன குரல், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்ன குரல். இன்னும் எழுபத்தைந்து பெட்டிகள் இருந்தன, லாரி வருவதற்கு மூன்று நாள் இருந்தது, அவளுக்கும் தம்பிக்கும் மட்டும்தான் திறக்கத் தெரியும். அவள் என்ன நினைக்கிறாள் என்று அவருக்குத் துலக்கமாகத் தெரிந்தது. நாளைக் காலை அவள் வலைத்தொப்பியைக் கட்டிக்கொண்டு சரிவில் நிற்பாள். ஒரே ஒரு தேனீ போதும். ரயில் கேட்டில் தன் சாவுக்குக்கூட அவர் இப்படிப் பயப்படவில்லை.

முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். மருத்துவர் பதறித் திரும்பினார்.

"டாக்டர், பொய் சொல்றா," என்றார். தடித்த நாக்கில் சொற்கள் குழறின. "அவ கையைப் பாருங்க."

மனைவி அவரை முறைத்தாள். மருத்துவர் ஸ்வெட்டர் கையை மெல்லச் சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்த தடிப்பு. அவள் முறைத்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.